அக்கி எழுதிய நெஞ்சு

முதல் குடம் தண்ணீர் விழுந்ததும் வெயிலுமுத்துவின் நெஞ்சிலிருந்த சிங்கம் கரைந்து ஓடத் தொடங்கியது.

அக்கி குணமாகச் செங்காவியில் எழுதிய சிங்கம். ஒன்பது நாளாக அவருடைய இடது விலாவில் படுத்துக் கிடந்தது. முதலில் வால் போயிற்று, அப்புறம் பிடரி, கடைசியாக நாக்கு. பெஞ்சுக்குக் கீழே கரிசல் வெடிப்புக்குள் அந்தச் சிவப்பு இறங்கி மறைந்ததும், சிங்கம் மூடி வைத்திருந்த கொப்புளங்கள் வெளியே வந்தன. மார்பிலிருந்து முதுகுத்தண்டு வரை, ஒரு பக்கமாக மட்டும், பெல்ட்டைப் பாதியில் அறுத்துக் கட்டியது போல.

“நிப்பாட்டுங்கலே” என்றார் சுடலைமணி.

சுடலைமணி செத்தவருக்கு மச்சான், அவர் மனைவி முத்துத்தாயின் அண்ணன். அவர் ரகசியம் பேசினாலே புதூர்ச் சந்தையில் கட்டிக் கிடக்கும் கிடாய்கள் தலைதூக்கிப் பார்க்கும். இது ரகசியமில்லை. தண்ணீர் ஊற்றியவன் குடத்தோடு உறைந்தான். கொட்டுக்காரர்கள் ஓங்கிய குச்சியை இறக்காமல் நின்றார்கள். ஐஸ் பெட்டிக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று காலிப் பெட்டியின் சுவிட்சை மறுபடி போட்டார்.

“இது அம்மைலா. ஆத்தா இறங்கின உடம்புக்கு எண்ணெய் வைக்கப் போறீங்களா?”

அந்த ஊரில் இதற்கு முறை இருக்கிறது. அம்மையோடு செத்தால் எண்ணெய் இல்லை, கொட்டு இல்லை, வாய்விட்ட அழுகை இல்லை. முக்கியமாக நெருப்பு இல்லை. அம்மன் இருந்த உடம்பை எரிப்பது அம்மனையே எரிப்பது மாதிரி. வேப்பிலை பரப்பிப் புதைக்க வேண்டும். ஆனால் சுடுகாட்டில் காலையிலேயே எருவும் விறகும் அடுக்கியாகிவிட்டது.

எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றவள் மகள் தீபலட்சுமி. ஹைதராபாத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. விமானத்தில் மதுரைக்கு வந்து, அங்கிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. திரும்பாமல் எப்படி இருக்கும்? அவள் வேலையே இந்த நோயோடுதான்.

அம்மைக் கிருமியின் மேல்புறத்தில் முள் முள்ளாகத் துருத்திக்கொண்டிருக்கும் புரதம் ஒன்று உண்டு. அதை மட்டும் தனியாகச் செய்து ஊசி வழியாக உடம்புக்குக் காட்டிவிட்டால் உடம்பு அடையாளம் வைத்துக்கொள்ளும். பிறகு கிருமி தலையெடுத்தால் அடித்து உட்கார வைக்கும். வயதானவர்களுக்கு அக்கி வராமல் தடுக்கும் ஊசிக்காக அவள் கூடத்தில் அந்தப் புரதத்தைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கிருமியின் சட்டையை மட்டும் நாங்கள் தைக்கிறோம் என்று ஒரு பொங்கலுக்கு அப்பாவிடம் விளையாட்டாகச் சொன்னாள். வெயிலுமுத்து ஆடு மேய்த்த காடு முழுக்க அதை விதைத்துவிட்டார். ஓட்டப்பிடாரம் வரைக்கும் அவள்தான் உலகத்துக் கிருமிகளுக்கெல்லாம் ஒரே தையல்காரி. பள்ளிக்கூட யூனிபாரம் தைத்துத் தருவாளா என்று இரண்டு பேர் வீடு தேடி வந்ததாகவும் கேள்வி.

“நீ சொல்லு தாயி, இது அம்மையா, அக்கியா? நீ சொன்னா சரி” என்றார் சுடலைமணி.

நேற்றுச் சாயங்காலம் அப்பாவும் போனில் இதையேதான் சொன்னார். நெஞ்சில் குத்துகிறது, இடது கைக்கும் இறங்குகிறது என்றார். அவள் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, அக்கி வலி அப்படித்தான் இருக்கும், நரம்பு வழியாக ஓடும், மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுங்கள் என்றாள். நீ சொன்னா சரி தாயி என்று வைத்துவிட்டார். விடியும்போது ஆடுகள் கத்தியும் எழுந்திருக்கவில்லை.

நரம்பா, இதயமா? விமானத்தில் ஏறும்போது நரம்பு என்று தோன்றியது. இறங்கும்போது இதயமேதான் என்று தோன்றியது. காரில் அருப்புக்கோட்டை தாண்டுவதற்குள் நாற்பது தடவை இரண்டும் இடம் மாறின. இனித் தெரிந்துகொள்ள வழியில்லை. அந்தப் போன் பேச்சைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

“ரெண்டும் ஒரே கிருமிதான் மாமா” என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேட்டால் விளக்கிப் பழகிய வாய். சின்ன வயதில் அம்மையாக வருகிறது, காய்ச்சல் போனாலும் கிருமி போவதில்லை, முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் நரம்பின் வேரில் ஒளிந்து தூங்குகிறது, வயதாகி எதிர்ப்புசக்தி குறைந்ததும் விழித்து அந்த ஒரு நரம்பு வழியே வெளியே வருகிறது, அதனால்தான் அக்கி ஒரு பக்கம் மட்டும் என்று, ஈரம் சொட்டும் அப்பாவின் உடம்பைப் பார்க்காமல் சொல்லி முடித்தாள்.

சுடலைமணி போட்ட சத்தத்தில் எட்டயபுரத்துக் கோபுரத்துப் புறாக்கள் பறந்திருக்க வேண்டும்.

“அப்போ அறுபது வருசமா ஆத்தா மச்சான் முதுகுலயா குடியிருந்தா?”

ஆமாம் என்றால் மச்சானை எரிக்க முடியாது. அவரை மட்டுமா? சின்ன வயதில் அம்மை கண்ட ஒருவரையும் எரிக்க முடியாது. ஊரில் யாருக்குத்தான் அம்மை காணவில்லை? ஒரு கிழவர் சட்டைக்குள் கைவிட்டுத் தன் முதுகைப் பயபக்தியோடு தடவிப் பார்த்தார். போன வருஷம் அப்பனை எரித்த ஒருவர் அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். குழி வெட்ட ஆள் போயிற்று. வேண்டாம் என்று சொல்ல இன்னோர் ஆள் போயிற்று. முதல் ஆளை இரண்டாவது ஆள் பிடிக்க முடியவில்லை. கொட்டு இரண்டு தடவை தொடங்கி இரண்டு தடவை நின்றது.

அக்கி எழுதிய கிட்டு, பானை வனைகிறவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தான் எழுதியது அக்கிக்குத்தான், அம்மைக்கு எழுதக் கோழி இறகைத் தொடவே மாட்டேன், தன் சிங்கம் ஒரு ஆளைக் கைவிட்டதாகச் சரித்திரம் கிடையாது என்று முழங்கினார். அப்படியானால் இவர் எப்படிச் செத்தார் என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் மறுபடி தீபாவைப் பார்த்தார்கள்.

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள், மூலையில் சுவரோடு சாய்ந்திருந்த முத்துத்தாய் பேசினாள். காலையிலிருந்து அதுதான் அவள் பேசிய முதல் பேச்சு.

“எம் பிள்ளைய ஒண்ணும் கேக்காதிய. அது போன்ல, ஒண்ணுமில்லப்பா, படுங்கன்னு சொன்னப்புறந்தான் அவிய பயம் தெளிஞ்சு படுத்தாவ. இல்லன்னா ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு நின்னாவ.”

பெருமையாகத்தான் சொன்னாள். கிண்ணத்து எண்ணெய் தீபாவின் விரலிடுக்கில் வழிந்து முழங்கை வரை போயிற்று. அவள் துடைக்கவில்லை.

கடைசியில் சுடலைமணியே தீர்ப்புச் சொன்னார். மகள் எண்ணெயும் வைக்கட்டும், அதற்கு மேல் வேப்பிலையும் வைப்போம். கொட்டு ஊர் எல்லை வரைக்கும் அடிக்கட்டும், அதற்கப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு போவோம். அடுக்கிய எருவை வீணாக்க வேண்டாம்.

“ஆத்தாளுக்கு எது பிடிக்குதோ அதை எடுத்துக்கிடட்டும்.”

கூட்டத்துக்கு இது பரம திருப்தி. தீபா அப்பாவின் தலையில் எண்ணெய் வைத்தாள். தலை இன்னும் ஈரமாக இருந்ததால் எண்ணெய் ஒட்டாமல் நெற்றியில் இறங்கியது. துடைக்கத் துணி தேடித் திரும்பியபோது மாமா பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். மறு கை இடது மார்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. முகமெல்லாம் வேர்வை.

“என்ன மாமா?”

“கத்திக் கத்தி நெஞ்சு பிடிச்சிக்கிட்டு. காலையிலேருந்தே இங்கன ஒரு குத்து.” அவர் குரலை முடிந்தவரை தாழ்த்தினார். பத்து வீட்டுக்குத்தான் கேட்டிருக்கும். “மச்சானைத் தொட்டுத் தூக்குனம்லா, எனக்கும் அக்கி ஒட்டிக்கிட்டோ? நீ பாத்துச் சொல்லு தாயி. நீ சொன்னா நான் போய் வேலையைப் பாக்கேன்.”

“எனக்குத் தெரியாது மாமா.”

பக்கத்தில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கிருமிக்கே சட்டை தைக்கிறவள் தெரியாது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

“கார்ல ஏறுங்க.”

பாடை தூக்க இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கிறது, பெரிய ஆள் இல்லாமல் எப்படி, மகள் இந்த நேரத்தில் வீட்டை விட்டு இறங்கலாமா, என்ன பிள்ளை இது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். இழுத்த இடமெல்லாம் எண்ணெய். சுடலைமணியின் வாழ்நாளில் அவரை யாரும் அப்படி இழுத்ததில்லை. அந்த ஆச்சரியத்திலேயே ஏறிவிட்டார். வேப்பமரத்தடியில் வடையைப் பாதி கடித்திருந்த டிரைவர், மீதியைக் கடித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

கோவில்பட்டியில் அவர்கள் நுழைந்தது மருந்துக்கடையை ஒட்டிய சின்ன ஆஸ்பத்திரி. மாமாவைச் சட்டையைக் கழற்றிப் படுக்க வைத்தார்கள். ஈசிஜி எடுக்க நர்ஸ் பசையைத் தடவியதும், கூசுது, கூசுது என்று அவர் நெளிந்ததில் கட்டில் அரை அடி நகர்ந்தது. வழியெல்லாம் பேசிய பேச்சையே பேசினார்: அங்கன மச்சானைப் போட்டுவிட்டு இங்கன வந்து படுத்திருக்கிறேன், ஊர் என்ன பேசும், காலையில் சாப்பிடாத வயிறு, வேறொன்றுமில்லை.

தீபாவின் போன் அடித்தது. தம்பி செல்வகணேஷ்.

“எடுக்கப் போறோம்க்கா. எங்க இருக்க? அம்மா உன்னைத் தேடுதாவ.”

அவன் பேச்சுக்குப் பின்னால் கொட்டு கேட்டது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். திரும்பிப்போக முக்கால் மணி நேரம். டாக்டர் உள்ளே இன்னொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுங்க” என்றாள்.

கொட்டுச் சத்தம் கொஞ்ச தூரம் நகர்வது வரை போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அதற்கப்புறம் அவனே வைத்துவிட்டான்.

டாக்டர் வந்தார், தாளைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். இதயத்தில் ஒரு குறையும் இல்லை, வெறும் வாயு, பட்டினி கிடக்காமல் ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

“நாந்தான் சொன்னம்லா” என்று சுடலைமணி எழுந்து உட்கார்ந்து சட்டையை மாட்டினார். “வாயுக்குப் போயி...”

தீபா தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மேடும் பள்ளமுமாக, ஒன்றுபோல் ஒன்று, நீளமாகப் போயிற்று. அவளுக்கு அதைப் படிக்கத் தெரியாது.

“இன்னொரு தடவை எடுத்துப் பாக்கீங்களா?” என்றாள் நர்ஸிடம்.

“அதான் நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்கல்ல மேடம்.”

“ஒரே ஒரு தடவை.”

நர்ஸ் மாமாவைப் பார்த்தாள். சுடலைமணி மருமகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, போட்ட சட்டையைத் தானே மறுபடி கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார். பசை நெஞ்சில் பட்டபோது நெளியவில்லை. இடது கையை மட்டும் வயர்களுக்கு வழிவிட்டு மெல்ல ஒதுக்கிக்கொண்டார்.

மெஷின் ஓடத் தொடங்கியது. தாள் வெளியே வந்தது.