தீவிரம்

வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டு டிரைவர் ஒதுங்கி நின்றான். "பெட்டியை இறக்க நாலு பேரை வரச் சொல்லுங்க பெரியவரே."

பஞ்சர் கடைக்காரர் தெருவைப் பார்த்தார். எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. அவரிடம் ஓசியில் காற்றடித்துக்கொண்டு போகாத வீடு அந்தத் தெருவில் இல்லை.

மாடி அறையில் எதையோ கலக்கப்போய் அது வெடித்து மகன் செத்திருந்தான். கேஸ் கசிவு என்றுதான் இவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். போலீஸ் அதிகாரி வந்து, "பையன் எதிலயாவது தீவிரமா இருந்தானா?" என்று கேட்கும்வரை.

"எல்லாத்துலயும் தீவிரந்தான் சார். போனைப் பிடிச்சா சோறு தண்ணி மறந்துருவான்."

பெருமையாகத்தான் சொன்னார். அவன் தீவிரமாகப் படிக்கிறான் என்று வாத்தியார் சொல்லிக் கேட்ட சொல் அது. வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி காதில் வாங்கிக்கொண்டு போனாள். அப்பனே ஒத்துக்கொண்டான் என்று பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கப் பேச்சு.

"நான் என்னம்மா தப்பா சொல்லிட்டேன்?" என்றார், வண்டியருகே நின்ற மகளிடம்.

"ஒண்ணுமில்லப்பா."

"அப்ப அந்தத் தீவிரத்துக்கு என்னதான் அர்த்தம்?"

"அந்த அதிகாரிக்கே சரியா சொல்லத் தெரியல. கோவமா எழுதினா அது இல்லையாம். ஆளைக் கொல்லணும்னு எழுதினா அதுதானாம். நடுவுல நிறைய இருக்காம்."

"இவன் எங்க இருந்தான்?"

மகள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அவன் போன்ல கிடையா கிடந்த குழு, அதுல என்ன சொல்றானுங்க?"

அவள் தன் போனை எடுத்துப் பார்த்தாள். "தம்பியச் சிங்கம்னு எழுதியிருக்காங்க. அடுத்தது யாருன்னு கேக்குறாங்க."

"எத்தனை பேரு?"

"மூவாயிரத்துக்கு மேல."

"அதுல ஒருத்தன் கூடவா பக்கத்துல இல்ல? வந்து ஒரு கை பிடிக்கச் சொல்லு."

"யாருன்னு சொல்றது? பேரே இல்லப்பா. எல்லாம் கழுகுப் படம், ஓநாய்ப் படம்."

"மிருகக்காட்சி சாலைல போயா சேர்ந்தான்?" என்றார். யாரைத் திட்டுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

டிரைவர் மணி பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "தலைமாட்டை நான் பிடிக்கிறேன்" என்றான்.

அவர் கால்மாட்டுக்குப் போனார். மகளும் வந்து ஒரு பக்கம் கை கொடுத்தாள். கனக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார்.

"மெதுவா, படி இருக்கு" என்றான் டிரைவர்.

மெதுவாகப் போக வேண்டிய அளவுக்கு அதில் கனமே இல்லை.