யோசிக்கும் நேரம்

வேப்பம்பூ மறுபடியும் யோசித்துக்கொண்டிருந்தார். செல்போன் திரையில் அந்தப் பெயரைச் சுற்றி நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்த பச்சை வளையம் மெல்லக் கரைந்து, மஞ்சளாகி, சிவப்பைத் தொடும்வரை ஓர் அசைவும் இல்லை. கடைசி நொடியில் சீட்டை மடக்கிப் போட்டார். குருநாதன் சிரித்துக்கொண்டே மங்கி குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். ரிசப்ஷன் மேஜைக்கு முன்னால் இருந்த கண்ணாடிக் கதவை ஆடிக்காற்று பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. சீசன் முடிந்து, மலைமேல் வில்பட்டி ரோட்டில் கார் சத்தமே அற்றுப்போயிருந்தது. அவன் பார்த்துக்கொள்ளும் காட்டேஜ்களில் ஆளில்லை. மதுரையில் இருக்கும் முதலாளி வாரத்துக்கொரு தடவை கூப்பிட்டு, "தண்ணி மோட்டார் ஓடுதா?" என்று கேட்பார். ஓடுகிறது என்பான். அத்தோடு முடிந்தது.

செல்போனில் ஆடும் இந்தப் போக்கர் சீட்டாட்டத்துக்கு அவனை இழுத்துவிட்டது அருள்தாஸ். கடைசிக் காட்டேஜை மாத வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்குக் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவன். தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் இருக்கும் அவனுடைய அப்பா அம்மா சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவர்கள். டவர் நன்றாகக் கிடைக்கிறது என்பதற்காக இங்கே தங்கியிருந்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு நடுவில். கையில் இருப்பதை வைத்துப் பந்தயத்தை ஏற்றலாம், ஒத்துக்கொண்டு உடன் போகலாம், மடக்கிவிட்டு ஒதுங்கலாம். இவ்வளவுதான் ஆட்டம். குருநாதன் உட்கார்வது பந்தயம் ஆகக் குறைந்த மேஜையில். தோற்றால் பஜாரில் ஒரு நேரத்து டிபன் செலவு, அதற்கு மேல் போகாது.

அவனுக்குப் பிடித்துப்போனது சீட்டைவிடக் குறிப்புதான். ஆடுகிறவரின் பெயரைத் தொட்டால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அந்த ஆளைப் பற்றி நாம் மட்டும் பார்க்கும்படி எதையாவது எழுதி வைத்துக்கொள்ளலாம். 'தில்லை கிங்: தோற்றதும் கோபம் வரும், அடுத்த ஆட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவான்.' 'கேப்டன் மணி: சீட்டு இல்லாமல் பொய்யாக ஏற்றும்போது வெரசாக வைப்பான்.' 'ரோஜா: யாரோ பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள்.' இப்படி முகம் தெரியாத நாற்பது, ஐம்பது பேரை அவன் அறிந்து வைத்திருந்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மேஜையில் உட்கார்ந்தால், பழகிய டீக்கடைக்குள் நுழைகிற மாதிரி இருக்கும். வேப்பம்பூவைப் பற்றி எழுதியிருந்தது நீளமானது. 'ரிட்டயர்டு மனிதர். எதிலும் அவசரம் கிடையாது. நல்ல சீட்டு வந்தால்தான் தொடுவார். ரொம்ப நேரம் எடுத்தால் சீட்டு சுமார் என்று அர்த்தம்.' பேங்கில் வேலை பார்த்திருப்பார் என்றுகூட மனதுக்குள் முடிவு கட்டியிருந்தான். வெள்ளைச் சட்டை, ஈஸி சேர், பக்கத்தில் சொம்பில் தண்ணீர்.

அருள்தாஸ் இதைப் பார்த்துச் சிரிப்பான். அவனுடைய லேப்டாப்பில் ஒரு மென்பொருள், ஒவ்வொருவர் தலைக்கு மேலும் எண்களைக் காட்டிக்கொண்டிருக்கும். நூறு ஆட்டத்தில் எத்தனைக்கு இறங்குகிறார், எத்தனைக்கு ஏற்றுகிறார், எத்தனைக்குப் பயந்து மடக்குகிறார்.

"ஆளைப் பார்க்கவே ஏலாத எடத்துல ஆளை எப்படிண்ணே படிக்கிறது? நீங்க கதை எழுதுறீங்க."

"ரூம் கேட்டு வர்றவன் படியேறுறப்பவே எனக்குத் தெரியும்லே, தங்குவானா, ரேட்டைக் கேட்டுட்டு எறங்கிப் போவானான்னு."

"போன மாசம் அந்தத் திருச்சி பார்ட்டிய என்ன சொன்னீங்க? கண்டிப்பா தங்குவாங்கன்னீங்க."

அவர்கள் ரேட்டைக் கேட்டுவிட்டு இறங்கிப் போயிருந்தார்கள். ஆட்டத்திலும் அப்படித்தான். பாதி நாள் அருள்தாஸின் எண்கள் சொன்னதே நடந்தது. குருநாதனின் ஊகங்கள் எத்தனையோ தடவை அவனை நட்டாற்றில் விட்டிருக்கின்றன. ஆனாலும் எண்களை வைத்து ஆட அவனுக்கு மனது வரவில்லை. எண்ணாகிவிட்டால் அந்த மேஜையில் ஒருவரும் இல்லாததுபோல ஆகிவிடும்.

சாயங்காலம் புவனா கூப்பிடுவாள். மகள் சுசித்ரா ஒன்பதாவதுக்கு வந்தபோது நல்ல பள்ளிக்கூடம் வேண்டுமென்று அம்மாவும் மகளும் திண்டுக்கல்லுக்குப் போய் வீடு எடுத்தார்கள். படிப்பு முடிகிறவரைக்கும் என்றுதான் பேச்சு. படிப்பு முடிந்துவிட்டது. ஜூனில் சுசித்ராவைக் கோயம்புத்தூர் காலேஜ் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வந்தார்கள். அதற்கு முன்பே, மே மாதக் கூட்டத்துக்கு நடுவில், காட்டேஜ்களுக்குப் பின்னால் இருக்கும் தன் குவார்ட்டர்ஸுக்கு குருநாதன் வெள்ளையடித்தான். ஓதம் ஏறிய சுவரைச் சுரண்டிப் பூசினான். சமையலறை ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டான். புவனாவிடம் சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும் என்று நினைத்தான். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. "சாப்டீங்களா, மழையா, ஸ்வெட்டரப் போட்டுக்கோங்க." வைத்துவிடுவாள். வைத்த பிறகு அந்தப் புதுக் கண்ணாடியில் மஞ்சு வெள்ளை மூட்டமாக வந்து ஒட்டிக்கொண்டு நிற்பதைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆடி முடியப்போகிற சமயம், ஒருநாள் மத்தியானம் அருள்தாஸ் டீ குடிக்க ரிசப்ஷனுக்கு வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குருநாதன் செல்போனில் ஆட்டத்தில் இருந்தான். பத்து நாளாகக் காணாமல்போயிருந்த வேப்பம்பூ அன்று வந்திருந்தார். வந்தவர் பழைய ஆளாக இல்லை. எந்தச் சீட்டு வந்தாலும் இறங்கினார். வளையம் பச்சையிலேயே இருக்கும்போது பந்தயம் வந்து விழுந்தது. யோசிக்கவே இல்லை.

"இவருக்கு என்னமோ ஆயிருச்சு" என்றான் குருநாதன்.

"ஒன்னும் ஆகலண்ணே. நல்ல சீட்டா வந்து விழுது. அப்படி ஒரு நாள் எல்லாருக்கும் வரும்."

குருநாதனின் கையில் இரண்டு ஒன்பது. நடுவில் அவற்றைவிடப் பெரிய ராஜாவும் ராணியும் ஆஸுமாக விழுந்து கிடந்தன. கடைசிச் சீட்டு திறந்த மறுகணமே வேப்பம்பூ தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார்.

அருள்தாஸ் எட்டிப் பார்த்தான். "மடக்கிருங்கண்ணே. ஆயிரக்கணக்கான ஆட்டத்தோட கணக்கு என்கிட்ட இருக்கு. இந்த ஆளு இப்படித் தள்ளினா கையில சீட்டு இருக்கும். ஒருநாளைப் பார்த்து அதை மாத்த ஏலாது."

"அது அந்த ஆளோட கணக்கு. இன்னைக்கு வந்துருக்கறது வேற ஆளுலே."

அவனுடைய வளையம் மஞ்சளானது. சிவப்பானது. உடன் போகிறேன் என்று அழுத்தினான். எதிரில் சீட்டு திரும்பியது. ஒரு ஏழும் ஒரு இரண்டும். எதனோடும் சேராத வெறும் சீட்டு. குருநாதனின் இரண்டு ஒன்பதே ஜெயித்தது. அருள்தாஸ் டீயைக் கீழே வைத்துவிட்டு, "கும்பிடுறேன் சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டான். போன் வந்ததால் எழுந்து தன் காட்டேஜுக்குப் போனான்.

மேஜையில் பேசிக்கொள்வதற்கென்று ஒரு கட்டம் உண்டு. யாரும் அதைத் தொடுவதில்லை. அதில் இப்போது வேப்பம்பூவின் பெயரில், ஆங்கில எழுத்தில் தமிழ் வந்து விழுந்தது.

"நல்லா புடிச்சீங்க சார்."

குருநாதன் ஒற்றை விரலால் தட்டினான். "நீங்க இன்னைக்கு யோசிக்கவே இல்லையே. எப்பவும் நிறைய யோசிப்பீங்க."

வேப்பம்பூவிடமிருந்து பதில் வந்தது.

"அது யோசனையில்ல சார். எங்க வீட்டுக்காரரு ஸ்ட்ரோக் வந்து படுக்கையில இருந்தாரு. தண்ணி குடுக்க, திருப்பிப் படுக்க வைக்க எந்திரிச்சுப் போவேன். ஓடி வந்து பாத்தா நேரம் முடியப்போகும். மடக்கிருவேன். சீட்டைக்கூடப் பாத்திருக்க மாட்டேன் பாதி நேரம்."

அடுத்த வரி வந்தது. "இப்ப எந்திரிக்க வேண்டியதில்ல."

வெள்ளைச் சட்டை, ஈஸி சேர், சொம்பு எல்லாம் எங்கேயோ போய்விட்டன. ஒரு பெண். ஏதோ ஒரு ஊரில், மருந்து வாசனை இன்னும் போகாத ஒரு அறையில், காலியான கட்டிலுக்குப் பக்கத்தில் செல்போனைப் பிடித்தபடி. இத்தனை மாதம் அந்தம்மாள் ஓடிய ஓட்டத்தையெல்லாம் 'சீட்டு சுமார்' என்று எழுதி வைத்துக்கொண்டு ஜெயித்திருக்கிறான். 'வருத்தமா இருக்கும்மா' என்று தட்டினான். அது போதாது என்று பட்டது. அனுப்பினான்.

"பரவால்ல சார். தெரிஞ்சவங்க எல்லாரும் வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க. இங்கதான் யாருக்கும் தெரியாம இருந்துச்சு."

பிறகு, "உங்களப் பத்தி நான் ஒன்னு எழுதி வச்சிருக்கேன். சொல்லட்டா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"இவர் நடுவுல எந்திரிச்சுப் போனதே இல்ல. கூப்பிட ஆள் இல்ல போல. பொறுமையா இருந்தா அவரா வந்து மாட்டுவார்."

கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை. குருநாதன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இல்லையே, தினமும் சாயங்காலம் என் வீட்டுக்காரி கூப்பிடுவாளே என்று எழுத விரல் போனது. அதற்குள் வேப்பம்பூவின் இருக்கை காலியாகிவிட்டது.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் இல்லை. ஆவணி பிறந்ததும் பணம் வைத்து ஆடுகிற ஆட்டங்களுக்கெல்லாம் நாடு முழுக்கத் தடை வந்துவிட்டதாக டிவியில் சொன்னார்கள். அன்றே மேஜைகள் மூடின. கணக்கில் கிடந்ததை எடுத்துக்கொள்ளும்படி ஓர் அறிவிப்பு மட்டும் நின்றது. தொடுவதற்குப் பெயர்கள் இல்லாமல் போனதால் குறிப்புகளுக்குப் போகவும் வழியில்லை. தில்லை கிங், கேப்டன் மணி, ரோஜா எல்லாரும் ஒரே நாளில் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போனதுபோல இருந்தது.

"எனக்கு நல்லதாப் போச்சுண்ணே, சோலி கெட்டுக் கெடந்துச்சு" என்றான் அருள்தாஸ். பிறகு குருநாதனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்த வேப்பம்பூவோட கணக்கு என் லேப்டாப்புல இன்னும் இருக்கு. வேணும்னா தாறேன்" என்றான்.

"அத வச்சு நான் என்னலே செய்ய?"

அன்று சாயங்காலம் புவனா கூப்பிட்டபோது அவன் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தான். சாப்டீங்களா என்றாள். மழையா என்றாள்.

"புவனா, பிள்ளைதான் ஹாஸ்டலுக்குப் போயிருச்சே. நீ எப்ப மேல வர்றே?"

கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் தன் குரல் அவனுக்கே பிச்சை கேட்பதுபோலக் கேட்டது.

அவள் தாமதிக்கவில்லை. "இதக் கேக்க இத்தன நாளாச்சா உங்களுக்கு?" என்றாள். பிறகு கோபமில்லாமல், சாதாரணமாக, "என்னால அந்தக் குளிர்ல இருக்க முடியலங்க. முன்னாடியும் முடியல. சொல்லத் தெரியாம இருந்தேன். இங்க வீட்டுல டியூஷன் எடுக்குறேன். தெருவே பிள்ளைகளா வருது. விட்டுட்டு வர மனசு இல்ல."

"சரி" என்றான். வெள்ளையடித்ததை இப்போது சொல்லக்கூடாது என்று மட்டும் தோன்றியது.

"சரின்னு வச்சுறாதீங்க. ஞாயித்துக்கெழம வெள்ளனே கெளம்பி வாங்க. நேர்ல ஒக்காந்து பேசுவோம்."

"என்ன பேச?"

"வாங்களேன். வந்தாத்தான பேச முடியும்."

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. மோட்டாரைப் பார்த்துக்கொள்வதாக அருள்தாஸ் சொல்லியிருந்தான். பெருமாள்மலை தாண்டும்வரை வெளியே ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. ஊத்து ஸ்டாப் கழிந்து வளைவுகளில் இறங்க இறங்கக் காது அடைத்து அடைத்து விட்டது. முன்சீட்டுப் பெண் முதலில் சால்வையை மடித்து மடியில் வைத்தாள். பிறகு அவள் புருஷன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். டம்டம் பாறைக்கு அருகில், எங்கிருந்தோ சட்டென்று வெயில் பஸ்ஸுக்குள் விழுந்தது. ஆளாளுக்கு ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். குருநாதன் மட்டும் கழற்றாமல் இருந்தான். கீழே சமவெளி தென்னந்தோப்புகளோடு பரந்து கிடந்தது. வியர்வை கழுத்தில் இறங்கத் தொடங்கியது. காட்ரோடு ஸ்டாப்பில் ஏறிய பூக்காரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வேக்காடு தாங்கல. அதைக் கழட்டுனாத்தான் என்னப்பா?"

அவன் ஸ்வெட்டரின் மேல் பட்டனில் கைவைத்தான்.