நம்ம பையன்தான்

கண்ணாயிரம் வந்தபோது சுப்புராயன் தன் தட்டச்சு நிலையத்தில் பழைய இயந்திரம் ஒன்றைத் தனியாளாகத் தூக்கி வேறு மேஜைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். கண்ணாயிரம் அவர் மனைவி சின்னப்பொண்ணுவின் தம்பி. ஊரில் கரும்பும் நெல்லும் போடுகிறவன். இரண்டு வருஷமாகச் சங்க வேலையாகவே அலைந்தான். வாசலில் நின்றபடி அக்காள் புருஷனின் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னான். தங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு நாளை முதல் ஒரு வாரத்துக்குச் சாலை மறியல். திருக்கோவிலூர் ரோட்டில் பெரிய புளியமரம் ஒன்றை வெட்டிக் குறுக்கே போட வேண்டும்.

"விடியறப்ப வந்துடுங்க மாமா. வெட்ட ஆளு இருக்குது, இழுத்துப் போடத்தான் கம்மி. யாராண்டயும் வாய வுட்டுடாதீங்க."

அது எண்பத்தேழாம் வருஷம், ஆவணியின் கடைசி நாள்.

சுப்புராயனுக்கு நாற்பத்தாறு வயது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் கண்ணாயிரம் இப்படிக் கேட்டிருக்க மாட்டான். அப்போது அவரால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. சின்னப்பொண்ணுதான் சட்டை மாட்டிவிடுவாள். மாடிப்படி ஏறினால் தொடை நடுங்கியது. ஆஸ்பத்திரியில் சோதனைக் குழாயில் அவருடைய சிறுநீரைக் காய்ச்சியபோது நீல மருந்து செங்கல் நிறமானது; சர்க்கரை அவ்வளவு இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த இளம் டாக்டர் அதோடு விடவில்லை. இருபது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்ததில் உடம்பில் சதையே இல்லை என்றார். காலிலும் முதுகிலும் சதை கூடினால் அது சர்க்கரையைத் தானே எடுத்துக்கொள்ளும், எலும்பும் கெட்டிப்படும், அதற்கு நடந்தால் மட்டும் போதாது, கனமாகத் தூக்க வேண்டும் என்றார். இந்த வயதில் குஸ்திக்கா போகப் போகிறீர்கள் என்று சின்னப்பொண்ணு சிரித்தாள்.

தூக்கக் கற்றுக் கொடுத்தவன் பிச்சைமுத்து. அவருடைய பழைய மாணவன், காலனிக்காரன், இப்போது தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர். அரிசி மில்லுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் இரும்புக் கம்பியும் வட்டுகளும் போட்டு நாலைந்து பேர் பயிற்சி செய்துவந்தார்கள். முதல் நாள் வெறும் கம்பியை மட்டும் கொடுத்தான். குனிந்து எடுக்கும்போது அவர் இடுப்பில் உள்ளங்கையை வைத்து, "முதுக வளைக்காதீங்க சார், காலால எழுந்திருங்க" என்றான். அந்தக் கை பட்டதும் சுப்புராயனின் உடம்பு தானாகச் சுருங்கியது. பிச்சைமுத்துவுக்கும் அது தெரிந்திருக்கும். கையை எடுக்கவில்லை. மூன்று மாதத்தில் அவர் தானே சட்டை போட்டார். ஆறு மாதத்தில் சோதனைக் குழாய் பச்சையானது. வருஷம் திரும்பும்போது நீலமாகவே நின்றது. படிகளை இரண்டிரண்டாக ஏறினார். பகல் தூக்கம் போயிற்று. இடுப்பில் அந்தக் கை எப்போது உறுத்தாமல் போனது என்று அவருக்கு நினைவில்லை.

தட்டச்சு நிலையத்தின் சுவரில் அரசு வேலைக்குப் போன மாணவர்களின் பெயர்கள் வரிசையாக எழுதியிருந்தன. பிச்சைமுத்துவின் பெயரைச் சுப்புராயன்தான் தன் கையால் எழுதினார். போன ஆனியில் அவர் மகன் அன்புச்செல்வனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்கவில்லை. நல்ல மார்க். அதற்குப் பிறகு அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரு பெயரில் கண் நின்றது. பிச்சைமுத்துவின் மார்க் எவ்வளவு என்று ஒருநாள் பழைய நோட்டில் தேடியும் பார்த்தார். தேடியதற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் தேடினார். கண்ணாயிரத்திடம் வருகிறேன் என்று சொன்னபோது மனதில் இருந்தது மகனின் முகம்தான்.

அன்று சாயங்காலமும் கொட்டகைக்குப் போனார். எழுபது கிலோ. பிச்சைமுத்து வழக்கம்போல் பின்னால் நின்று எண்ணினான். ஐந்தாவதில் அவர் கம்பியைக் கீழே வைத்ததும், நாளைக்கு வரமாட்டேன் என்றான். மனைவி அஞ்சலைக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. காலை முதல் பஸ்ஸில் திருக்கோவிலூரில் அவள் தாய் வீட்டில் விட்டு வரப்போகிறான். சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது.

சுப்புராயன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். இரண்டு நாள் கழித்துப் போயேன் என்றால் போதும். காரணம் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். தாலுகா ஆபீசில் இருக்கிறவன், சொன்னால் அதிகாரிகள் காதுக்குப் போகும், அப்புறம் கண்ணாயிரத்தைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று ஒரு பக்கம் கணக்கு ஓடியது. அது மட்டும்தான் காரணம் என்று அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

"பாத்துப் போய்ட்டு வா" என்றார்.

மறுநாள் விடிவதற்குள் மரம் விழுந்துவிட்டது. ஆனால் பாதி பள்ளத்தில் கிடந்தது. ஓரமாகப் பஸ் போகுமளவு இடம் இருந்தது. இருபது பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள், அசையவில்லை. சுப்புராயன் எல்லோரையும் நிறுத்தினார். குந்தச் சொன்னார், முதுகை நிமிர்த்தச் சொன்னார், தான் எண்ணும்போது காலால் எழும்பச் சொன்னார். மூன்றாவது எண்ணிக்கையில் அடிமரம் கிளம்பியது. தொடையில் இருந்து தோள் வரைக்கும் ஒரே கயிறாக முறுக்கேறி அது நகர்ந்தபோது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறெதுவும் அந்த நொடியில் நினைவில்லை. ரோடு அடைபட்டது. யாரோ அவர் புஜத்தைத் தட்டினார்கள்.

ஒன்பது மணி வாக்கில் கிழக்கேயிருந்து ஆட்கள் நடந்து வந்தார்கள். முதல் பஸ் இங்கே மரம் விழுமுன்பே கடந்து போயிருந்தது. ஐந்து மைலுக்கு அப்பால் வேறொரு மரம் அதை நிறுத்திவிட்டது. எல்லோரும் இறங்கித் திரும்பி வருகிறார்கள். கடைசியாக, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் மனைவியின் முழங்கையுமாகப் பிச்சைமுத்து வந்தான். அஞ்சலை ஒவ்வொரு அடிக்கும் நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

கண்ணாயிரம் மரத்தின்மேல் ஏறி நின்றான். கையில் வெட்டுக்கத்தி.

"எந்த ஊரு? யாரு வூட்டுப் புள்ள நீ?"

பிச்சைமுத்து மனைவியைத் தன் முதுகுக்குப் பின்னால் நகர்த்தினான். இன்னும் நாலு பேர் எழுந்து வந்தார்கள். அவன் கண் அவர்களைத் தாண்டிச் சுப்புராயன்மேல் வந்து நின்றது. அவர் கையில் அப்பியிருந்த மரத்தூளைப் பார்த்தது. தெரிந்தவர் என்று காட்டிக்கொள்ளவில்லை. கண்ணாயிரம் மறுபடியும் கேட்டான். இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது; அதுதான் சுப்புராயனுக்குப் பயமாக இருந்தது.

"நம்ம பையன்தான்" என்றார் சுப்புராயன். "வுடு, கண்ணாயிரம்."

கண்ணாயிரம் அக்காள் புருஷனையும் பிச்சைமுத்துவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நகர்ந்தான். நம்ம பையன் என்றால் அந்த இடத்தில் என்ன பொருள் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அஞ்சலை திரும்பித் தன் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் பெட்டியை மரத்துக்கு அந்தப் பக்கம் போட்டான். சுப்புராயன் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"வேணாங்க. நானே தூக்கிக்கிறேன்."

சார் என்று சொல்லவில்லை. முதுகு வளையாமல் குந்தி, அவளை ஏந்திக்கொண்டு எழுந்தான். காலைத் தூக்கி மரத்தைத் தாண்டினான். ஊர்ப்பக்கம் நடந்தான். திரும்பிப் பார்க்கவே இல்லை.

மறியல் முடிந்து கொட்டகையைத் திறந்த பிறகும் பிச்சைமுத்து வரவில்லை. மரத்தைத் தாண்டிப் போன அன்று இரவே அஞ்சலைக்குக் குறைமாதத்தில் பிரசவம் ஆகிவிட்டதாக ஒரு மாணவன் சொன்னான். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பினார் சுப்புராயன். கம்பியைத் தொட மனம் வரவில்லை. இருபது நாளில் தோள் மறுபடி இறுக ஆரம்பித்தது. சோதனைக் குழாயில் நீலம் போய்ப் பச்சை வந்தது. டாக்டர் திட்டியதால் ஒருநாள் மறுபடி போனார்.

பிச்சைமுத்து அங்கே இருந்தான். மூலையில், சுவரைப் பார்த்தபடி தூக்கிக்கொண்டிருந்தான். வேறு யாருமில்லை. பலகையில் மல்லாந்து படுத்து மார்புக்கு மேல் தூக்கும்போது தலைமாட்டில் ஒருவர் நிற்க வேண்டும். கை சோர்ந்தால் கம்பியைப் பிடித்துக்கொள்ள. சுப்புராயன் அவனைக் கூப்பிடவில்லை. ஐம்பது கிலோவை மாட்டிக்கொண்டு படுத்தார். நாலு வந்தது. ஐந்தாவதில் கை பாதியில் நின்று, நடுங்கி, இறங்கியது. கம்பி மார்பில் உட்கார்ந்தது. மூச்சு வெளியே போனது, உள்ளே வரவில்லை. காதில் ரத்தம் இரைந்தது.

மூலையில் இரும்புச் சத்தம் நின்றது. காலடிகள் வந்தன. தலைமாட்டில் பிச்சைமுத்துவின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. கைகள் கம்பிமேல் இருந்தன, இன்னும் தூக்கவில்லை.

"மொத நாள் சாயங்காலமே தெரியுமா ஒங்களுக்கு?"

பொய் சொல்ல மூச்சு இல்லை. நிஜம் சொல்லவும் இல்லை.

"தெரியும்" என்றார். குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது.

பிச்சைமுத்து கண்ணை மூடித் திறந்தான். பிறகு கம்பி எழுந்து தாங்கியில் போய் விழுந்தது. சுப்புராயன் புரண்டு உட்கார்ந்து இருமினார். அவன் வட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தான். எல்லாம் முடிந்ததும் எதிரே நின்றான்.

"பொம்பளப் புள்ள. ஒன்றரக் கிலோ. இன்னும் ஆஸ்பத்திரியிலதான் கீது" என்றான். "கையில எடுக்கவே பயமா இருக்குது சார்."

எவ்வளவு இருக்கும் என்று காட்டுவதற்காக இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்தான். காய்ப்பு ஏறிய அகலமான கைகள். இரும்புத்துரு கோடுகளில் படிந்திருந்தது. நடுவே ஒன்றுமில்லை. ஆனாலும் ஏதோ கனமிருப்பதுபோல் அவை கொஞ்சம் தாழ்ந்து, அசையாமல் நின்றன.