பின்தங்கி வந்த பூச்சியம்

1

இந்தக் கதை ஒரு கலியாணப் பந்தியில் எனக்குக் கிடைத்தது. சொன்னவர் கணினி படித்தவர்; நான் சோற்றில் கவனமாக இருந்தேன். கதையில் வரும் நிரல் ‘சி’ என்ற கணினி மொழியில் எழுதியதாம்; அந்த மொழியில் எனக்குத் தெரிந்தது அதன் பெயர் மட்டும். அதுவும் ஓரெழுத்து என்பதால்.

தொடக்கம்: ‘வவுனியாவின் வானம் அன்று கறுத்து…’

வேண்டாம். எல்லாம் நடந்தது அறைக்குள்.

2

2005. வவுனியாவில் ஒரு தனியார் மருத்துவமனை. இரத்தப் பரிசோதனை முடிவுகளை ஆய்வுகூடக் கணினி கம்பி வழியே முன்னறைக்கு அனுப்பும். அவற்றை வாங்கித் திரையில் காட்டும் நிரலை எழுதியவள் றிஸ்பா. (‘பேரழகி’ என்று எழுதி அடித்துவிட்டேன். கதைக்கு அது உதவவில்லை.) ஒவ்வொரு முடிவும் ஒரு வரி, வரி முடிந்தால் கடைசியில் ஒரு குறி வரும். றிஸ்பா அந்தக் குறியைத் தேடவில்லை. ஒருதரம் வாசித்தால் ஒரு முடிவு முழுதாக வரும் என்று நம்பினாள். சோதித்தபோதெல்லாம் அப்படித்தான் வந்தது.

3

சீனி வருத்தக்காரர், அதாவது நீரிழிவுக்காரர், கூடும் நாள். முடிவுகள் நெருக்கியடித்து வந்தன. நிரல் கைகொண்டமட்டும் அள்ளியது. கை நிறைந்த இடத்தில் ஒரு வரி துண்டானது. திரையில் தெரிந்தது: ராக்காயி, சீனி 24.

தாதி கமலாசனி பதறிக் குளுக்கோஸ் ஊசியை எடுத்தாள்.

“அம்மா, அசையாதேங்கோ. சீனி நல்லா இறங்கிப்போச்சு.”

“மயக்கமெல்லாம் இல்லீங்க. தண்ணித் தாகந்தான்,” என்றாள் ராக்காயி.

இவ்வளவு இறங்கியவள் இப்படிக் கதைப்பாளா? கமலாசனியின் கை தயங்கியது. பக்கத்துக் கதிரையிலிருந்த றிஸ்பா திரையை எட்டிப் பார்த்தாள். அடுத்த வரியில், பெயரில்லாமல், ஒற்றைப் பூச்சியம்.

“அக்கா, குத்தாதேங்கோ! அது இருநூத்தி நாப்பது! சீனி இறங்கேல்லை, கூடிக்கிடக்கு!”

(ஊசி ஏறிவிட்டதாகவும் எழுதிப் பார்த்தேன். ராக்காயி செத்தால் கதைக்குக் கனம் வருமாம். வெட்கங்கெட்ட ஆசை.)

4

றிஸ்பா அன்று சாப்பிடவில்லை. நிரலைத் திருத்தினாள்: வருவதை வந்தபடி சேர்த்துவை, முடிவுக் குறி வரும்வரை திரையில் காட்டாதே, குறிக்குப் பின் மிஞ்சியதை எறியாமல் அடுத்ததோடு சேர்.*

“பிழை என்ர, அக்கா. இப்ப சரியாக்கிட்டன்.”

“ஓம் பிள்ளை,” என்றாள் கமலாசனி.

மறுநாள் திரையில் ஒருவருக்கு 98 என்று வந்தது. கமலாசனி தொலைபேசியை எடுத்து ஆய்வுகூடத்தைக் கேட்டாள். “தொண்ணூற்றெட்டுத்தானே?” றிஸ்பா தலை நிமிரவில்லை.

5

ஒருநாள் கமலாசனி கேட்பதை நிறுத்தினாள் என்று முடித்தேன், அடித்தேன். கடைசிவரை கேட்டாள் என்று முடித்தேன், அதையும் அடித்தேன். நம்பிக்கை திரும்பும் நாளைக் குறிக்க நான் யார்?

கமலாசனியின் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். திரையில் அடுத்த பெயர் வந்துவிட்டது.

——
* இந்த வாக்கியத்தை விளங்காமலேதான் எழுதினேன். விளங்கியவர்கள் என்னைத் திருத்தலாம்.