பாடு தாண்டிய ரத்தக் காட்டேரி

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: கோதண்டமாகிய நான், என் தம்பி வரதன், அவன் மகள் வைஷ்ணவி, அவளுக்கு நிச்சயித்திருந்த ஆரம்பாக்கத்துப் பையன் விமல், அவன் தகப்பன் கிருஷ்ணன், தாய் குப்பம்மா. வேறு யாரும் இல்லை. வாசலில் நின்று கேட்டதாகச் சொல்லிக்கொள்கிறவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

வைஷ்ணவி செல்போனில் வாராவாரம் ஒரு தொடர்கதை எழுதுகிறாள். கதாநாயகன் ரத்தக் காட்டேரி. ஏரி நடுவில் இருக்கும் எங்கள் ஊரான பசியாவரத்தில், இந்த வீட்டைப் போன்ற ஒரு வீட்டில் குடியிருக்கிறான். அந்தக் கதையைப் பற்றிக் குறை சொல்லத்தான் சம்பந்தி வீட்டார் படகேறி வந்திருந்தார்கள். ஆனால் கிருஷ்ணன் ரத்தத்தைப் பற்றிப் பேசவில்லை.

"ரத்தம் குடிச்சா குடிக்கட்டும் சம்பந்தி, அது காட்டேரி. ஆனா போன வாரம் இன்னா பண்ணான்? முறை இல்லாத நாள்ல அடுத்தவன் பாட்டுக்குப் போயி வலைக்கழியப் புடிச்சிகினு நிக்கிறான். பொண்ணு வூட்டுக்காரங்க பாடு தாண்டுறவங்களானு எங்க ஊர்ல கேக்குறாங்க. நான் இன்னா பதில் சொல்றது?"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பாடு என்பது ஏரியில் வலை கட்டும் இடம். இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு என்று ஊரே சீட்டுப் போட்டு முறை பிரித்துக் கொடுக்கும். முறை இல்லாதவன், கண்ணெதிரே இறால் துள்ளினாலும் கை வைக்கக் கூடாது. வைத்தால் ஊர்க் கூட்டத்தில் நிற்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் எவனும் அப்படி நின்றதில்லை. அதனால் கிருஷ்ணன் கேட்டது கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது.

அந்தக் கதையை நானும் படித்து வந்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் ஆரம்பித்தேன். என் வயதுக்காரர்களுக்குத் தெரிந்த காட்டேரி கொட்டகைப் படத்தில் வந்தவன். கறுப்பு அங்கி, நீண்ட பல், ஒரு பெண்ணின் அலறல், கடைசியில் நெஞ்சில் மரக்குச்சி. அவனுக்குப் பசி உண்டு, வெட்கம் கிடையாது. இந்தக் காலத்துக் கதைகளில் வருகிறவன் வேறு பிறவி. தலை வாரிக்கொண்டு காலேஜுக்குப் போகிறான். காதலிக்கிறான். மனிதரைத் தொடாமல் மிருக ரத்தத்தில் காலம் தள்ளுகிறான். யாரும் கூப்பிடாத வீட்டில் கால் வைப்பதில்லை. நூற்றாண்டுப் பசியோடு, ஆசைப்பட்ட பெண்ணுக்குப் பக்கத்தில் கை கட்டி உட்கார்ந்திருக்கிறானே, அதற்குப் பெயர் மானம். பேய்க்குள் மானத்தை வைத்துப் பார்க்க வேண்டும் என்று முதலில் எவருக்குத் தோன்றியதோ, அவர் கெட்டிக்காரர்.

வைஷ்ணவி அவனை எங்கள் ஏரிக்குக் கொண்டுவந்து பாட்டு முறைக்குக் கட்டுப்படுத்தினாள். தன் முறை வரும் நாளில், தன் வலையில் சிக்கும் நாரையின் ரத்தம்தான் அவனுக்கு ஆகாரம். மற்ற நாளில் பட்டினி. போன வாரம் அந்தப் பட்டினி பொறுக்காமல் அடுத்தவன் இடத்துக்குத் தோணியைத் தள்ளினான். வலையில் ஒரு நாரை சிறகடித்தது. கழியில் கை வைத்தான். தொடரும் என்று போட்டுவிட்டாள்.

வரதன் மகளைப் பார்த்தான். "கையை எடுத்துட்டான்னு எழுதிடேன்மா. ரெண்டு வரி."

"அவன் எடுக்க மாட்டான் நைனா."

"நீ எடுக்க வையி."

"நான் எடுக்க வச்சா, அவன் எடுத்ததா ஆவுமா?"

"அய்ய, காட்டேரிக்கே இம்மாம் ரோசம். வர்ற மருமவளுக்கு எம்மாம் இருக்குமோ," என்றாள் குப்பம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு மட்டும் சொல்லும்மே. நாரையைக் குடிச்சானா, இல்லியா?"

"வெள்ளிக்கிழம வரும் அத்த."

கிருஷ்ணன் மனைவியை முறைத்தான். "கதைய மாத்தினா கல்யாணம். இல்லன்னா நாங்க யோசிக்கணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த வீட்டில் என் சொல்தான் கடைசி. மாற்று என்று நான் சொன்னால் வைஷ்ணவி மாற்றிவிடுவாள், எதிர்த்துப் பேச மாட்டாள். அவள் மடியில் இருந்த போனை இறுகப் பிடித்திருந்தாள். அவளுக்கு விமலைப் பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

"சம்பந்தி, அவ கட்டுன வலை அது. அதுல நான் போயி கை வச்சா, உங்க ஊர்ல கேட்டாங்களே, அது நெசமாயிடும்," என்றேன்.

கிருஷ்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். குப்பம்மாவும் எழுந்தாள். கடைசியாக எழுந்த விமல் வைஷ்ணவியிடம், "வெள்ளிக்கிழம எப்ப போடுவ?" என்று கேட்டான்.

"சாயங்காலம்."

"வாடா," என்றான் கிருஷ்ணன் வாசலில் இருந்து.

வெள்ளிக்கிழமை வரை வரதன் என்னோடு பேசவில்லை. வைஷ்ணவி சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்துபோவதை நானும் பார்த்தேன். சொன்ன சொல்லை நான் திருப்பி எடுக்கவில்லை.

அந்த வாரத்துக் கதையில் அவன் கையை எடுக்கவில்லை. நாரையைக் குடித்தான். ஆனால் ஓடி ஒளியவும் இல்லை. விடிந்ததும் ஊர்க் கூட்டத்துக்கு வந்தான். வெயில் பட்டால் எரிந்துபோகிற உடம்பு. தோல் புகைய நடுவில் நின்று, "முறை தப்பினேன். ஊர் சொல்றதக் கேட்டுக்கறேன்," என்றான். வலைக்குச் சொந்தக்காரன்தான் எழுந்து, தோணிப் பாயை அவிழ்த்து வந்து அவன்மேல் போர்த்தினான். எங்கள் கூட்டத்தில் மர நிழலில் உட்கார்ந்து, மோரும் குடித்துவிட்டுப் பொய் சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை கிருஷ்ணன் போன் செய்தான்.

"சம்பந்தி, இங்க ஊர்ல கேக்குறாங்க."

"இன்னா கேக்குறாங்க?"

"அவன் பொழச்சிக்கினானானு." கொஞ்சம் இருமினான். "இப்டி வந்து நின்னு ஒத்துக்கறவன் எந்த ஊர்ல கீறான்? தை மாசமே வச்சிக்கலாம்."

அப்படியே தையில் கல்யாணம் நடந்தது. சம்பந்தம் கெடாமல் இருக்க நான்தான் வைஷ்ணவியை மிரட்டிக் கதையை மாற்ற வைத்தேன் என்று பசியாவரத்திலும் ஆரம்பாக்கத்திலும் பேசிக்கொள்கிறார்கள். நான் மிரட்டவில்லை. அவள் எதையும் மாற்றவில்லை.