வலது கை மட்டும் வெள்ளை

உணவகத்துச் சமையலறையில் பன்னிரண்டு மணி நேரம் பாத்திரம் கழுவிவிட்டு வெளியே வந்த கதாநாயகியின் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. கண் மை கலையவில்லை, கன்னத்துச் சிவப்பு போட்டபடியே இருந்தது, தலைமயிர் சற்று முன்புதான் முழுகி உலர்த்தியதுபோலத் தோளில் புரண்டது. தொலைக்காட்சியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த நிரோஷினி கடித்துக்கொண்டிருந்த பாண் துண்டைக் கீழே வைத்துவிட்டு, இவள் பாத்திரங்களைக் கழுவினாளா, பாத்திரங்கள் இவளைக் கழுவி அனுப்பினவா என்று கேட்டாள். தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையே சிரித்தது.

மிசிஸ் வொங் மட்டும் சிரிக்கவில்லை. அறுபதை நெருங்குகிறவர், ஹொங்கொங்கிலிருந்து வந்தவர், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியிலிருந்த அந்தத் தொழிற்சாலையில் ஐந்து வருடமாக நிரோஷினிக்குப் பக்கத்தில் நின்று வொண்டன் மடிக்கிறவர். மெல்லிய மாவுத் தாளில் இறைச்சியும் இறாலும் வைத்து, ஓரத்தில் தண்ணீர் தொட்டு மடித்துக் கிள்ளுகிற வேலை. மதிய இடைவேளையில் பார்ப்பதற்கு நாடகக் கசெற் கொண்டு வருவதும் மிசிஸ் வொங்தான். அவர் உடைந்த ஆங்கிலத்தில் கதை சொல்ல, நிரோஷினி உடைந்த ஆங்கிலத்தில் குறுக்குக் கேள்வி கேட்பாள். அன்றைக்கு அவர் கொஞ்சம் சூடாகவே பதில் சொன்னார். காலை ஆறு மணியிலிருந்து உன் முகத்தையும் என் முகத்தையும்தானே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அரை மணி நேரமாவது ஒரு வடிவான முகத்தைப் பார்க்க விடு என்றார். அதில் நியாயம் இருப்பதுபோல நிரோஷினிக்குப் பட்டது. பட்டதனாலேயே எரிச்சலும் வந்தது.

எரிச்சலுக்கு நாடகம் மட்டும் காரணமில்லை. அதே நகரத்தின் வெக்ஸ்போர்ட்டில், அவள் தங்கியிருந்த அண்ணன் அன்புராசாவின் அபார்ட்மென்டில், பிரிட்ஜின் மேல் ஒரு கடித உறை இருந்தது. அதற்குள் அவளுடைய படம் இருந்தது. படத்தில் இருந்தவள் யார் என்பதுதான் சிக்கல்.

நிரோஷினிக்கு முப்பத்தொரு வயது. மன்னார்க் கறுப்பு என்று ஊரில் சொல்வார்கள், அவள் அதிலும் ஒரு படி கூட. பக்கத்து மார்க்கம் நகரில் கணினி வேலை பார்க்கும் மாக்கஸ் என்பவருக்கு அவளைப் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீடு காரில் இருபது நிமிடம். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கத்தோலிக்கக் கோயிலுக்குத்தான் தமிழ்ப் பூசைக்கு வருகிறார்கள், பெண்ணை நேரில் பார்க்க ஒரு தடையும் இல்லை. ஆனாலும் படம் முதலில் போக வேண்டும், படம் பிடித்தால்தான் ஆள் பார்ப்பார்கள். அந்த வழக்கம் ஊரிலிருந்து பெட்டி படுக்கையோடு விமானம் ஏறி வந்து, குடியுரிமையும் எடுத்துவிட்டது.

படம் எடுத்தவர் சூசைதாசன். மன்னாரில் ஸ்டூடியோ வைத்திருந்தபோது படங்களில் தூரிகையால் பெண்களை வெள்ளையாக்கியவர், ரொறன்ரோவுக்கு வந்து விளக்காலும் வெள்ளையாக்கக் கற்றுக்கொண்டார். எந்த நிறமென்றாலும் நான் கொண்டுவந்துவிடுவேன் என்பது அவருடைய பெருமை. கொண்டும் வந்திருந்தார். உறைக்குள் இருந்த பெண் பால்தேநீர் நிறத்தில், மூக்குக் கொஞ்சம் மெலிந்து, கழுத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் நிரோஷினிக்கே அவளைக் கட்டலாம் போலிருந்தது.

அந்த வீட்டில் இதற்கு முன்பே சூசைதாசனின் கைவேலை ஒன்று இருந்தது. அண்ணன் மனைவி செலீனின் பெண் பார்க்கும் படத்தை மன்னாரில் எடுத்தவரும் அவர்தான். எண்பத்தொன்பதாம் ஆண்டு அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்புராசா விமான நிலையத்தில் காத்திருந்தான். வந்து இறங்கிய செலீனை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. மூன்று தரம் அவளைத் தாண்டிப் போனான். கடைசியில் அவளிடமே வந்து படத்தைக் காட்டி, இந்தப் பிள்ளையைக் கண்டீர்களா என்று கேட்டான். பிறந்தநாள் விருந்து, பிள்ளைகள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய விருந்து, எதுவென்றாலும் அன்புராசா இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். செலீனும் சேர்ந்து சிரித்தபடி ரோல்ஸ் தட்டை நீட்டுவாள்.

தனக்கும் அதுதான் நடக்கப் போகிறது என்று நிரோஷினிக்குத் தெரியும். படத்தைப் பார்த்து ஓம் என்று சொன்னவர் ஆளைப் பார்த்து முகம் மாறுகிற அந்த ஒரு நொடிக்குத்தான் அவள் பயந்தாள். வேறு படம் அனுப்புவோம் என்று இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள். முதலில் உள்ளே போக வழி பார், பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்றான் அண்ணன். அவன் கெட்டவன் இல்லை. இரண்டு வேலை செய்து தங்கையைக் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்தவன், அவளுக்கு வயது போகிறதே என்று உண்மையாகவே பயந்தான். வருகிற ஞாயிறு பூசை முடிய மாக்கஸின் தாய் அன்ரனெற்றிடம் உறையைக் கொடுப்பதாக ஏற்பாடு.

அந்த ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் தொலைக்காட்சி நாடகக்காரர்கள் தொழிற்சாலைக்கு வந்தார்கள்.

ஹொங்கொங்கிலிருந்து கனடாவுக்குக் குடிவந்து கஷ்டப்படும் ஒரு குடும்பத்தைப் பற்றிய நாடகமாம். முதலாளி மிஸ்டர் லாம் ஒரு நாளைக்கு இடம் கொடுத்திருந்தார். கதாநாயகி வேறு யாருமில்லை, வியர்க்காமல் பாத்திரம் கழுவிய அதே பெண். நேரில் இன்னும் சின்னவளாக இருந்தாள். முகம் வீங்கிவிடும் என்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று மிசிஸ் வொங் கேட்டு வந்து சொன்னார். அவர் தன் நல்ல கம்பளிச் சட்டையைப் போட்டு, உதட்டுக்குச் சாயமும் பூசி வந்திருந்தார்.

கதைப்படி அந்தப் பெண் தொழிற்சாலையிலேயே கெட்டிக்கார வேலைக்காரி. ஆனால் அவள் மடித்த வொண்டன் ஒவ்வொன்றும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. முகத்தை ஒரு தரம், கையை ஒரு தரம் எடுத்து ஒட்டிவிடலாம், யாராவது கையைக் கொடுங்கள் என்றார் இயக்குநர். மிசிஸ் வொங் முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினார். வீங்கிய மூட்டுகளையும் கபிலப் புள்ளிகளையும் இயக்குநர் ஒரு பார்வை பார்த்தார். நன்றி சொல்லிவிட்டு, வேகமாக மடிக்கக்கூடிய வேறு ஆள் யார் என்று கேட்டார். மிசிஸ் வொங் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் எல்லோரும் நிரோஷினியைக் காட்டினார்கள்.

நிமிடத்துக்குப் பதினைந்து மடிப்பாள் அவள். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. இத்தனை பேர் பார்க்கத் தன்னைக் கூப்பிட்டார்களே என்று உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனாள், அதை மறைக்கவும் இல்லை. வேலையில் எப்போதும் போடும் கையுறையைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினாள். இயக்குநர் அவள் கையைப் பார்த்தார். பிறகு ஒப்பனைக்காரப் பெண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அந்தப் பெண் பஞ்சும் குப்பியும் எடுத்து வந்து, நிரோஷினியின் வலது கையில் மணிக்கட்டுக்கு மேல் வரைக்கும் வெள்ளை பூசினாள். பஞ்சு பட்டதில் கூச்சம் தாங்காமல் நிரோஷினி வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு கை முடிந்ததும், கதாநாயகியின் கையோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொல்லி, உடனே படம் வருகிற அந்தக் கமராவில் ஒரு படம் எடுத்தார்கள்.

படம் கண் முன்னாலேயே மெல்ல மெல்லத் தெளிந்தது. முதலில் தலைமயிரை மூடியிருந்த தலைவலை வந்தது, பிறகு வேர்த்துப்போன கறுத்த முகம், சிரிப்பு, இடது கை. கடைசியில் அந்த வலது கை. சூசைதாசனின் வெள்ளை அப்படியே அங்கே இருந்தது. பிரிட்ஜின் மேல் இருந்தவளின் கையைக் கழற்றி இவளுக்குப் பூட்டியிருந்தார்கள்.

ஒப்பனைக்காரி இடது கையைப் பிடித்தபோது நிரோஷினி அதை இழுத்துக்கொண்டாள். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். அண்ணன் மீது வரவேண்டியது, சூசைதாசன் மீது வரவேண்டியது, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றது. ஆங்கிலத்தில் அவள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"உங்களுக்கு வேகம் வேணுமெண்டால் அது இந்தக் கையிலைதான் இருக்கு. நிறத்தோடை சேர்த்து எடுங்கோ. இல்லாட்டி உங்கடை பிள்ளையையே மடிக்கச் சொல்லுங்கோ."

மிஸ்டர் லாமுக்கு வேர்த்தது. நீ சொன்னால் கேட்பாள், சமாதானம் பண்ணு என்று மிசிஸ் வொங்கைத் தள்ளிவிட்டார். மிசிஸ் வொங் நேரே இயக்குநரிடம் போய்ச் சீனத்தில் ஏதோ சொன்னார். கமரா தூக்கி நின்ற பையன்கள் தலையைக் குனிந்து சிரித்தார்கள், இயக்குநரின் காது சிவந்தது. என்ன சொன்னீர்கள் என்று நிரோஷினி பிறகு கேட்டாள். போன வாரம் இந்த ஊரில் நீ எங்கே வொண்டன் சாப்பிட்டிருந்தாலும் இந்தப் பிள்ளை மடித்ததாகத்தான் இருக்கும், அப்போது கை என்ன நிறம் என்று கேட்டாயா என்றாராம்.

அவர்கள் நிறத்தோடு எடுக்கவில்லை. கதாநாயகியையே மடிக்க வைத்துப் பன்னிரண்டு தரம் எடுத்தார்கள். பிந்தி ஒருநாள் அந்தப் பாகம் ஒளிபரப்பானபோது, தொழிற்சாலையின் கெட்டிக்கார வேலைக்காரி பிளந்த வொண்டன்களை ஆமை வேகத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இவளை முதல் மணித்தியாலத்திலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் மிசிஸ் வொங்தான்.

அந்த வெள்ளிக்கிழமை நிரோஷினி கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது ஒன்றே ஒன்று. அவர்கள் எறியப் போன அந்தப் படம்.

மறுநாள் காலை அதை மேசையில், அண்ணனின் தேநீருக்குப் பக்கத்தில் வைத்தாள். உறைக்குள் இதுதான் போகும் என்றாள். அன்புராசா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தலைவலையும் வேர்வையுமாக, ஒரு கை கறுப்பு ஒரு கை வெள்ளையாக, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறவளை எந்த மாப்பிள்ளை பார்ப்பான் என்று கத்தினான். இந்த இடமும் தவறிப் போனால் இனி யாரிடம் போய் நிற்பது என்று கேட்டான்.

"இந்தப் படத்துக்கு வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லட்டும் அண்ணை. அது எனக்குச் சொன்னதா இருக்கும். மற்றதுக்கு ஓமெண்டு சொன்னாலும் அது எனக்கில்லை" என்றாள் நிரோஷினி.

அவன் எழுந்து பிரிட்ஜின் மேலிருந்து உறையை எடுக்கப் போனான். உறை அங்கே இல்லை. செலீன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மூண்டு தரம் என்னைத் தாண்டிப் போனீங்கள்" என்றாள் அவள். சத்தம் போடவில்லை. "நாலாந்தரம் என்ரை படத்தை என்னட்டையே காட்டி, இந்தப் பிள்ளையைக் கண்டனீங்களோ எண்டு கேட்டீங்கள். ஓம் எண்டு சொல்லுறதோ இல்லை எண்டு சொல்லுறதோ எண்டு தெரியாமல் நிண்டன். ஏழு வருசமா அதைப் பகிடியாச் சொல்லுறீங்கள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வரேல்லை."

அன்புராசா கார்த் திறப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு அதை மேசை முழுக்கத் தேடினான். பிறகு வேலைக்குப் போய்விட்டான். செலீன் உறையைப் பிரித்து, பால்தேநீர்க்காரியை வெளியே எடுத்து அலமாரிக்குள் போட்டாள். தொழிற்சாலைப் படத்தை உறைக்குள் போட்டுப் பழையபடி பிரிட்ஜின் மேல் வைத்தாள். நிரோஷினிக்கு மச்சாளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் வேலை கெடும் என்று பாத்திரம் கழுவினாள்.

ஞாயிறு பூசை முடிந்து சனம் கோயில் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தது. அண்ணன் உறை இருந்த சட்டைப்பையைத் தொடுவதும் விடுவதுமாக நின்றான். நிரோஷினி அவனிடம் கையை நீட்டினாள். அவன் அவளைப் பார்த்தான், செலீனைப் பார்த்தான், பிறகு உறையைக் கொடுத்துவிட்டான். பெண் தன் படத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கிற வழக்கம் மன்னாரில் இல்லை, ரொறன்ரோவிலும் அதுவரை இல்லை. சனத்துக்கூடாக அவள் அன்ரனெற்றிடம் நடந்து போனாள்.

அன்ரனெற் அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை எடுத்தார். கொஞ்சம் தள்ளி மாக்கஸ் நின்றார், கழுத்தை நீட்டாத மாதிரி நீட்டிக்கொண்டு. அன்ரி படத்தைப் பார்த்தார், முன்னால் நின்றவளைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார். வித்தியாசம் தேடுகிறார் என்று நிரோஷினிக்கு விளங்கியது. தேடட்டும் என்று நேரே நின்றாள்.

"என்ன பிள்ளை, இந்தக் கை மட்டும் வெள்ளையா இருக்கு?" என்று அன்ரி கேட்டார்.

"அது பூசினது அன்ரி. மிச்சமெல்லாம் நான்" என்றாள் நிரோஷினி.