கூரைக்குள் இருந்தவனுக்குச் சொன்ன படங்கள்

காலை ஏழரைக்கு என் மகன் கேலம் கூப்பிட்டான். வடக்கே ஓர் ஆற்றங்கரை ஊரில் அவன் பள்ளி ஆசிரியர். நான் தெற்கே பல்லாரட் நகரில் இருக்கிறேன், இரண்டு நாள் கார்ப் பயணத் தூரத்தில்.

“அப்பா, தண்ணி வீட்டுக்குள்ள வந்துருச்சு. சீலிங்ல இருக்கற ஓட்டை வழியா மேல தகரக் கூரைக்குள்ள ஏறிட்டேன்.”

“தகரத்தை உடைச்சு வெளிய வாடா!”

“உதைச்சுப் பார்த்தேன். அசையல. கோடாலி கீழ ஷெட்ல இருக்கு.”

மீட்புப் படைக்கு அவன் நான்கு முறை போன் அடித்துவிட்டான். வீட்டுத் தொலைபேசியில் நானும் அடித்தேன். ஒரு காதில் காத்திருக்கச் சொல்லும் பதிவுக் குரல், மறு காதில் அவன் மூச்சு. அதற்கும் பின்னால், ஏதோ மரச்சாமான் மிதந்து சுவரில் மோதுகிற சத்தம்.

“சார்ஜ் எவ்ளோ இருக்கு?”

“பதினொண்ணு. போனை வைக்காதப்பா. ஏதாவது பேசு. உன் படத்தையாவது சொல்லு.”

வாராவாரம் அவனுக்கு ஏதாவது படம் பார்க்கச் சொல்வேன். ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை. அன்று முதலில் வாயில் வந்தது கலங்கரை விளக்கக் காவலாளியின் கதை.

“ஒரு தீவு. புயல்ல படகு கவுந்து…” நாக்கைக் கடித்துக்கொண்டேன். “அது வேணாம், ரொம்ப இழுவை.”

“அப்பா!” சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது. “இங்கயும் முட்டி வரைக்கும் வந்துருச்சுப்பா.”

தண்ணீர் இல்லாத படம் ஒன்று வேண்டும். இத்தனை வருடம் பார்த்ததில் ஒன்றுகூடவா இல்லை?

“பாலைவனத்துல ஒரு ரயில் நின்னு போயிடுது. முந்நூறு பேர். சமையல்காரன் கிட்ட ஒரே ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. ஒருத்தரையும் சாக விடமாட்டேன்னு நிக்கிறான்.”

“அப்புறம்?”

“சொல்றேன். நீ தகரத்தை உதைச்சுக்கிட்டே கேளு. விடாம உதை. யாராவது படகுல போவாங்க.”

உதைத்தான். ஒவ்வோர் உதைக்கும் நடுவில் நான் ஒரு வரி சொன்னேன். அந்தப் படத்தின் முடிவில் மழை கொட்டும். எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள். அதை மாற்றினேன்.

“இன்ஜினைச் சரி பண்ணிடறாங்கடா. எல்லாரும் ஊர் போய்ச் சேர்ந்துடறாங்க.”

அழைப்பு அறுந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். பதிவுக் குரல் போய் ஒரு பெண் இணைப்பில் வந்தாள், முகவரியை எழுதிக்கொண்டாள், ஆள் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றாள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன்.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது எடுக்கப் பயந்தேன்.

“கேலம் அப்பாவா? நான் டோரீன், ரெண்டு தெரு தள்ளி இருக்கேன். தகரத்துல தட்டற சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் கடப்பாரையால கூரையைப் பிரிச்சுட்டார். பையன் எங்க படகுலதான் இருக்கான். கையெல்லாம் கிழிஞ்சிருக்கு. மத்தபடி நல்லா இருக்கான்.”

நன்றி சொல்லத் தொடங்கி அழுதுவிட்டேன். அவள் அழாதீங்க, அழாதீங்க என்றாள்.

ஆறாம் நாள் கேலம் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். சோபாவில் படுத்துத் தூங்கினான். மறுநாள் மத்தியானம் எங்கள் கூரையில் லேசாகத் தூறல் விழுந்தது. அவன் விழித்தெழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைத்து வெளியே நின்றான். நானும் போய் அவன் பக்கத்தில் நின்றேன். தூறல் நிற்கும்வரை நாங்கள் உள்ளே வரவில்லை.